சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அறை எடுத்துப் படிக்க வருகிறவர்களுக்கு

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது போன் செய்கிறார்கள். "தம்பிக்குத் திருச்சியில சீட் கெடச்சிருக்கு, சத்திரத்துக்கிட்ட ஒரு ரூம் பாத்துத் தர முடியுமா?" பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இளங்கலை மூன்று வருடம், முதுகலை இரண்டு வருடம், ஆக ஐந்து வருடம் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் அறை மாறி மாறித் தங்கிப் படித்தவன் நான். வேலை கிடைத்த பிறகும் இந்தப் பக்கத்தை விட்டுப் போக மனம் வராமல் இங்கேயே இருக்கிறேன். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அறை பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள், மற்றதையெல்லாம் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம், அறை விஷயத்தில் ஏமாந்தால் ஒரு வருடப் படிப்பே அடிபடும்.

சத்திரம் என்று நாங்கள் சொல்வது பேருந்து நிலையத்தை மட்டும் வைத்து இல்லை. வடக்கே சிந்தாமணி, அண்ணா சிலை, காவிரிப் பாலம், தெற்கே தெப்பக்குளம், மெயின்கார்டு கேட், மேற்கே கோட்டை ரயில் நிலையம், கிழக்கே ஆண்டார் வீதிகள், தேவதானம், இதற்குள் அடங்கும் எல்லாமே பேச்சில் சத்திரம்தான். செயின்ட் ஜோசப், ஹோலிகிராஸ் இரண்டும் இதற்குள்ளேயே இருக்கின்றன. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் நம் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் இங்கே வந்தது. அப்துல் கலாம் இயற்பியல் படித்தது இங்கேதான். புத்தூரில் பிஷப் ஹீபர், காஜா நகரில் ஜமால், திண்டுக்கல் சாலையில் நேஷனல் என்று கொஞ்சம் தள்ளியிருக்கும் கல்லூரிகளில் படிக்கிறவர்களும் பஸ் வசதிக்காக இங்கே தங்குவதுண்டு. அதற்கு என் பதில்: கல்லூரிக்கு நடந்து போக முடிந்தால்தான் இந்தச் சந்தடிக்குள் தங்குவதில் அர்த்தம் இருக்கிறது. புத்தூரில் படிப்பவர் புத்தூர் பக்கமே பாருங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

டிசி, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஐந்தைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளைச் சுற்றி ஜெராக்ஸ் கடைக்குக் குறைவில்லை, ஆனால் சேர்க்கை நாளில் ஒவ்வொரு கடை வாசலிலும் வரிசை நிற்கும். அசலைக் கல்லூரி அலுவலகத்தைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். பகுதிநேர வேலைக்கு அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடங்கள் உண்டு, அப்படிக் கேட்டால் அந்த வேலையே வேண்டாம். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஊர்க் கிளையிலேயே பார்த்து முடித்துவிடுங்கள், உதவித்தொகை எல்லாம் அதன் வழியாகத்தான் வரும்.

எங்கே இறங்குவது

2025 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் நகரத்துக்குத் தெற்கே பஞ்சப்பூரில் கட்டியிருக்கும் புதிய முனையத்துக்குப் போகின்றன. பெட்டி படுக்கையோடு அங்கே போய் இறங்கி மறுபடி நகரத்துக்குள் வருவது அலைச்சல். ஏறும்போதே கண்டக்டரிடம் "சத்திரம் போகணும், எங்க எறங்குனா டவுன் பஸ் கெடைக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு என் யோசனை ரயில். ஜங்ஷனில் இறங்கினால் மத்தியப் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகும், அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. கரூர், குளித்தலைக்காரர்கள் பாசஞ்சர் ரயிலில் வந்தால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்துப் பேருந்துகள் சத்திரத்துக்கே வரும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு இல்லை, இது பலருக்குத் தெரியும், ஆனால் எல்லா டவுன் பஸ்ஸும் சாதாரணக் கட்டண பஸ் இல்லை என்பதை முதல் வாரத்திலேயே கவனித்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, கல்லூரி அலுவலகத்தில் போனஃபைட் சான்றிதழ் (அங்கேதான் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று) வாங்கும்போதே அதையும் கேளுங்கள்.

முதல் ஞாயிறு: மலைக்கோட்டை ஏறுங்கள்

இதைச் சாமி கும்பிடுவதற்காகச் சொல்லவில்லை, கும்பிட்டால் நல்லதுதான். ஊர் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் மாணிக்க விநாயகர் சன்னதி வழியாகப் படி ஏறி, தாயுமானவர் சன்னதி தாண்டி, மேலே உச்சிப்பிள்ளையாரிடம் போய் நில்லுங்கள். பாறை 83 மீட்டர் உயரம். வடக்கே திரும்பினால் காவிரி, அதற்கு அப்பால் தீவாக ஸ்ரீரங்கம், ராஜகோபுரம், அதையும் தாண்டினால் கொள்ளிடம். கீழே தெப்பக்குளம், அதற்கு மேற்கே லூர்து மாதா கோயிலின் ஊசிக் கோபுரம், அதை ஒட்டிக் கல்லூரிக் கட்டடங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் கல்லூரிக்கு எத்தனை சந்து இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணலாம். அறை தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், புரோக்கர் "காலேஜுக்குப் பக்கம்தான் தம்பி" என்று சொல்லும்போது அது உண்மையா என்று உங்களுக்கே தெரியும்.

மேலேயிருந்து இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோட்டைக்குச் சுற்றிலும் அகழி இருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துப் போட்ட சாலைகள்தான் புலிவார்டு ரோடுகள். வெள்ளைக்காரன் பொலிவார்டு என்று வைத்த பேர் நம் வாயில் புலிவார்டு ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கோட்டைக்குள் இருக்கும் சந்துகளில் திசை மறந்துபோகும், எனக்கு ஒரு மாதம் ஆனது. அப்படி ஆனால் எந்தத் தெருவிலும் விடாமல் ஒரே பக்கமாக நடந்து ஒரு புலிவார்டு ரோட்டைத் தொட்டுவிடுங்கள், அதன் வழியே மெயின்கார்டு கேட்டுக்கு வந்துவிடலாம்.

அறை

முதல் வாரம் அவசரப்பட்டு எந்த அறையையும் பேசி முடிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாள் வாடகை, வார வாடகை லாட்ஜுகள் இருக்கின்றன, தெரிந்த சீனியர் அறையில் பாயைப் போட்டுக்கொள்ளலாம், தினமும் ஊரிலிருந்தே கூட ஒரு வாரம் வந்து போகலாம். அந்த ஒரு வாரச் செலவைச் செலவாகவே நினைக்கக் கூடாது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை, கடைகள் எல்லாம் மூடி தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா "கோயில் மாதிரி அமைதியா இருக்குடா" என்றார், அங்கேயே அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்குத்தான் கீழ்த்தளம் பாத்திரக் குடோன் என்று தெரிந்தது. பகலில் லாரி உள்ளே வர முடியாது, அதனால் சரக்கு இறக்குவது எல்லாம் ராத்திரிதான். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அலுமினியக் குண்டான்களை லாரியிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்க, அடுத்தவர் வாங்க, அதற்கடுத்தவர் தரையில் வைக்க, ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு 'டங்'. இரண்டு மணி வரைக்கும். அவர்கள் பிழைப்பு அது, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்த செமஸ்டரில் எனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தது.

அதனால் யார் கேட்டாலும் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு அறையை மூன்று நேரம் போய்ப் பாருங்கள், அதுவும் வார நாளில். காலை ஆறு மணிக்குப் போனால் குழாயில் தண்ணீர் வருகிறதா, மோட்டார் யார் போடுகிறார்கள், ஒரு கழிவறைக்கு எத்தனை பேர் வாளியோடு நிற்கிறார்கள் என்பது தெரியும். மாலை ஏழு மணிக்குப் போனால் தெருவில் சைக்கிள் நிறுத்தவாவது இடம் இருக்கிறதா, சாக்கடை நாற்றம் ஜன்னல் வரை ஏறுகிறதா, பக்கத்தில் மதுக்கடை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரவு பதினோரு மணிக்கு வெறுமனே தெருவில் நடந்து பாருங்கள், விளக்கு எரிகிறதா, நாய் துரத்துகிறதா, லாரி வருகிறதா. வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். தெரு பொதுத் தெரு.

எங்கே தேடுவது? வடக்கு ஆண்டார் வீதி, கீழ ஆண்டார் வீதிப் பக்கம் பழைய வீடுகளில் மாடிப் போர்ஷன் கிடைக்கும், ராத்திரி அமைதியாக இருக்கும், ஆனால் அசைவம் சமைக்கக் கூடாது, பத்து மணிக்குக் கதவு சாத்திவிடுவோம் என்று கண்டிஷன் இருக்கலாம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிந்தாமணிப் பக்கம் ஆற்றுக் காற்று வரும். கடைவீதிகளுக்குள் வாடகை குறைவாகச் சொன்னால் காரணம் என்ன என்று கீழ்க்கடையைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். டூ-லெட் போர்டு எல்லா வீட்டிலும் மாட்ட மாட்டார்கள், புரோக்கரிடம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார். அதற்கு முன் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேளுங்கள். எந்த மாடியிலிருந்து துணி மூட்டை வருவது நின்றுபோயிற்று என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். என் மூன்றாவது அறை, நான் மூன்று வருடம் தங்கிய அறை, அப்படிக் கிடைத்ததுதான்.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையை வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். திருச்சி வெயில் சித்திரை வைகாசியோடு போவதில்லை, ஆவணி வரைக்கும் உறைக்கும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட அந்த ஷீட் மேலிருந்து சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள். மாடிப்படி அகலம் எவ்வளவு, கட்டில் ஏறுமா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், கட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு வருடம் முழுக்கத் தரையில் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அட்வான்ஸ், கரண்ட், தண்ணீர்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் பத்திரம் எழுதித் தருவதில்லை என்பதும் உண்மைதான். அதனால் குறைந்தபட்சம் பணத்தை ஃபோனில் அனுப்புங்கள், அனுப்பும்போது குறிப்பில் "அட்வான்ஸ், இந்த மாதம்" என்று எழுதுங்கள். கையில் கொடுத்தால் ஒரு நோட்டுத் தாளிலாவது தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டாவது அறையைக் காலி செய்தபோது, ஏற்கெனவே இருந்த சுவர் விரிசலுக்கும் சேர்த்து அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர், மறுத்துப் பேச என்னிடம் ஒரு போட்டோ கூட இல்லை. உள்ளே போகும் நாளிலேயே சுவர், தரை, கழிவறை, கரண்ட் மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அது சண்டைக்கு இல்லை, இரண்டு பேருக்கும் ஞாபகத்துக்கு.

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் சப்-மீட்டர் வைத்து வாடகைக்கு விடும் வீடுகளில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் போடுவார்கள். அந்த ரேட் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மாதம் முதல் தேதி நீங்களே ரீடிங் எடுங்கள். அறையில் இன்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தாலே பாதிச் சமையல் குறைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பகுதி கொடுத்துவைத்தது. கம்பரசம்பேட்டையிலிருந்து வரும் காவிரித் தண்ணீர்தான் கார்ப்பரேஷன் குழாயில் வருகிறது. ஆனால் குளிக்க, துவைக்க மாடித் தொட்டிக்கு ஏற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். "ஆத்துத் தண்ணி எத்தன மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும்?" என்று கேளுங்கள், இரண்டு குடம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், கேன் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

விடுதி, பெண்பிள்ளைகள்

அறை தேடுவதற்கு முன் அரசு விடுதிக்கு விண்ணப்பியுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம், பெற்றோர் வருமானத்துக்கு வரம்பு உண்டு. இடம் கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் நிறையப் பேர்.

தங்கைகள் தனியார் விடுதி பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: லைசென்ஸ் எங்கே? 2014-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி தனியார் பெண்கள் விடுதி கட்டாயம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் உள்ள இடத்தில் சுவரில் மாட்டியிருப்பார்கள், தேட வேண்டியிருக்காது. வார்டன் அங்கேயே தங்குகிறாரா, மாலை வகுப்பு முடிந்து வரும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல் வரை விளக்கு உண்டா என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை நடந்து பாருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, போலீஸுக்கு 112. ராகிங் நடந்தால் யுஜிசி எண் 1800-180-5522, சின்ன விஷயம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், 1997 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

சாப்பாடு

மெஸ்ஸில் மாதக் கணக்கு வைப்பதுதான் கட்டுப்படியாகும், ஆனால் முதல் மாதம் வைக்காதீர்கள். ஒரு வாரம் ஒரு மெஸ் என்று நாலு இடத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ராத்திரி எட்டரைக்கு மேல் போய் என்ன மிஞ்சியிருக்கிறது, அதை எப்படிச் சூடு பண்ணித் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முழு மாதக் காசு கட்டும் கணக்கைவிட டோக்கன் கணக்கு நல்லது. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை வரும் நம்மைப் போன்றவர்களுக்கு மாதத்தில் எட்டு நாள் சாப்பாடு வீணாகப் போகும், டோக்கனாக இருந்தால் கையில் நிற்கும்.

நான் சாப்பிட்ட மெஸ்ஸை ஒரு அக்கா நடத்தினார், இப்போது இல்லை. வீட்டுத் திண்ணையில் மூன்று பெஞ்சு, அவ்வளவுதான். அவரிடம்தான் ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டேன். டெல்டாப் பிள்ளைகள் எல்லாம் ஊரிலிருந்து வரும்போது வீட்டு அரிசி கொண்டுவருவோமே, அறையில் வைத்தால் வண்டு பிடிக்கும், சமைக்கவும் நேரம் இருக்காது. அக்கா அதை வாங்கிக்கொண்டு கணக்கில் கழித்துவிடுவார். முதல் தடவை நான் கொண்டுபோன சிப்பத்தைப் பிரித்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார், ஊதினார், இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். "புது நெல்லு தம்பி, சாதம் கொழையும். பொங்கலுக்கு வச்சுக்கறேன்" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். அதிலிருந்து நான் அப்பாவிடம் பழைய அரிசியாகக் கேட்டு வாங்கிவர ஆரம்பித்தேன். உங்கள் மெஸ்ஸிலும் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதக் கடைசியில் காசு தீர்ந்தால் அம்மா உணவகம் இருக்கிறது: காலையில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குப் பொங்கல், மத்தியானம் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். தீர்ந்துபோவதற்கு முன் போக வேண்டும், அவ்வளவுதான். ரம்ஜான் மாதத்தில் சாயங்காலம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குச் சட்டியோடு போய் நின்றால் என்ன மதம் என்று யாரும் கேட்டதில்லை, எனக்கு ஐந்து வருடமும் ஊற்றினார்கள். நல்லது நடந்த நாளில் மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேல் கடையில் ஒரு ஐஸ்கிரீம், இல்லாவிட்டால் பஸ் ஏறித் திருவானைக்காவல் போய் பார்த்தசாரதி விலாஸில் ஒரு நெய் தோசை.

இந்தச் சத்தத்தில் எப்படிப் படிப்பது

கடைவீதி ராத்திரி பத்தரை வரை அடங்காது. காலை நாலரையிலிருந்து எட்டு வரைதான் இந்தப் பகுதி உங்களுடையது. சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுவது என்று முதல் மாதத்திலேயே பழகிவிட்டால் மூன்று வருடமும் தப்பித்தீர்கள். பகலில் கல்லூரி நூலகத்தை விடாதீர்கள். மேலப்புலிவார்டு ரோட்டில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்தாலே நமக்கும் படிப்பு வரும். உறுப்பினர் ஆகிவிடுங்கள். புதுப் புத்தகம் வாங்கும் முன் பழைய புத்தகக் கடைகளில் விசாரியுங்கள், சீனியர்களிடம் அதற்கும் முன் விசாரியுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் என்.எஸ்.பி. ரோடு, தெப்பக்குளம் பக்கம் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். செமஸ்டர் தேர்வு பெரும்பாலும் அதையொட்டியே வரும். தேர்வு நாளில் வழக்கமாகப் போகும் நேரத்துக்குக் கிளம்பாமல் அரை மணி முன்னால் கிளம்புங்கள், சுற்று வழி ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். வைகுண்ட ஏகாதசி சமயம் ஸ்ரீரங்கம் கூட்டம் முழுக்கச் சத்திரம் வழியாகத்தான் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதிநேர வேலை

ஷிப்ட் கல்லூரி என்றால் அரை நாள் கையில் இருக்கும். ஜவுளிக் கடைகளில் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகலாம், அன்றைய கூலி அன்றே கிடைக்கும், சாப்பாடும் ஆயிற்று. ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் வேலையை வாரத்தில் ஆறு நாள் எடுத்தவர்கள் யாரும் வருகைப் பதிவைத் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை. முதல் வருடம் சனி, ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூலி எவ்வளவு, எந்தத் தேதி என்று வேலைக்குச் சேரும் முன் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அப்புறம், சிங்காரத்தோப்புப் பக்கம் போனால் யாராவது குறைந்த விலைக்குப் பழைய போன் நீட்டுவார்கள். பில் இல்லாத போனைத் தொடாதீர்கள், திருட்டுப் போனாக இருந்தால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.

வீட்டுப் பணம் எப்போது வரும்

நம் பக்கத்துக் குடும்பங்களில் இதைப் பேசியே ஆக வேண்டும். கல்லூரிக் கட்டணம் கேட்கிற ஜூனில்தான் வீட்டில் குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று பணம் வெளியே போகும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறும்போது தை, மாசி ஆகிவிடும். நடுவில் குறுவை அறுவடையில் ஏதாவது வந்தால் உண்டு, ஐப்பசி மழையில் சாய்ந்தால் அதுவும் இல்லை. அதனால் சேரும்போதே அலுவலகத்தில் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள், காரணத்தை அப்படியே சொல்லுங்கள், பல கல்லூரிகளில் ஒப்புக்கொள்வார்கள். வாடகையை நாலு பேர் பங்கு போடும்போது, யாருக்கு எந்த மாதம் கை வறளும் என்று முதலிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் ஒருவன் வாத்தியார் பையன், மாதச் சம்பள வீடு, ஐப்பசி கார்த்திகையில் என் பங்கையும் அவனே போடுவான், மாசியில் நான் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பேன். ஒரு தடவைகூட அவன் வாயைத் திறந்து கேட்டதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், யூமிஸ் எண் (கல்லூரி மாணவர்களுக்கு அரசு தரும் பதிவு எண்) பதிவாகிவிட்டதா என்று அவரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். பேரில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூடப் பணம் நின்றுவிடும்.

ஆறு

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாம் வாய்க்காலில் நீந்திக் கற்றவர்கள், அந்தத் தைரியத்தில் இங்கே ஆற்றில் இறங்காதீர்கள். கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும்போது ஒரு தடவை பாருங்கள், எத்தனை பள்ளம் என்று தெரியும். தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பள்ளமெல்லாம் அப்படியே உள்ளே இருக்கும், மேலே சமமாகத் தெரியும். கொள்ளிடத்தில் இன்னும் மோசம், மேற்கே ஆறு இரண்டாகப் பிரியும் முக்கொம்பில் திறந்தால் வெள்ளம் அந்தப் பக்கம்தான் திரும்பும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போனால் படித்துறையில் நின்று குளியுங்கள், கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். அரியர் முடிந்த சந்தோஷத்தில் நாலு பேராகப் போய் மூன்று பேராகத் திரும்பியதை இந்தப் பகுதியில் பார்க்காத வருடம் குறைவு.

ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் பாலத்துக்குப் போங்கள். மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12, சில வருடம் தள்ளிப்போகும். திறந்து இரண்டு மூன்று நாளில் இங்கே வந்துவிடும். நான் வருடா வருடம் அந்த வாரம் சாயங்காலம் வகுப்பு முடிந்து சிந்தாமணி வழியாகப் பாலத்துக்கு நடந்து போய் அப்பாவுக்குப் போன் செய்வேன். "தண்ணி பாலத்தத் தாண்டிருச்சுப்பா." "எவ்வளவு வருது? மணல் தெரியுதா?" "நடுவுல ரெண்டு திட்டுத் தெரியுது." "சரி, அப்ப நம்ம வாய்க்கா தலப்புக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு நாற்றங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், என் படிப்பைப் பற்றிக் கேட்க மறந்தே போகும். மேற்குப் பக்க நடைபாதையில் நில்லுங்கள், தண்ணீர் நம்மை நோக்கி வருவது அங்கிருந்துதான் தெரியும்.